நாலடிக் குச்சியும் மணல் லாரியும்: திருவிழாத் தெருவுக்கு வண்டித் தடுப்பு போடுவது எப்படி

"பாதுகாப்புப் பக்கத்த நீ பாத்துக்கப்பா" என்று திருவிழா கமிட்டிக் கூட்டத்தில் உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். நான் போலீஸ்காரன் இல்லை, சிவில் படித்துவிட்டுச் சின்னச் சின்னக் கட்டட வேலைகள் எடுத்துச் செய்பவன். எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவுக்குச் சில வருடங்களாகத் தடுப்பு வேலை என் பொறுப்பில் இருக்கிறது. முதல் வருடம் எனக்குத் தெரிந்ததெல்லாம் சவுக்குக் கட்டை, கயிறு, இரவல் வாங்கிய நாலு பேரிகேட், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் வாழைத்தார் ஏற்றி வந்த ஒரு குட்டியானைக்காகப் பேரிகேட்டை நகர்த்தினோம், நகர்த்தியவர் டீ குடிக்கப் போய்விட்டார், முக்கால் மணி நேரம் சந்நிதித் தெரு திறந்தே கிடந்தது, அதற்குள் ஒரு கார், இரண்டு ஷேர் ஆட்டோ, எண்ண முடியாத அளவுக்கு டூவீலர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அப்போது படிக்க ஆரம்பித்ததுதான் இதெல்லாம்.

வண்டித் தடுப்பு என்றாலே தீவிரவாதம், வெளிநாடு என்று நினைத்துக்கொள்கிறோம். பிரான்சின் நீஸ் நகரில் 2016 ஜூலை 14 அன்று வாணவேடிக்கை பார்க்கக் கடற்கரைச் சாலையில் கூடியிருந்தவர்கள் மேல் 19 டன் லாரியை ஏற்றி ஒருவன் 86 பேரைக் கொன்றானே, அந்த மாதிரி. அதுவும் உண்மைதான், ஆனால் நம் பக்கத்தில் பார்த்தால் 2021 அக்டோபரில் சத்தீஸ்கரில் துர்க்கை சிலை ஊர்வலத்துக்குள் கார் புகுந்தது, 2025 செப்டம்பரில் கர்நாடகாவின் ஹாசன் மாவட்டத்தில் பிள்ளையார் ஊர்வலத்துக்குள் லாரி புகுந்தது. பிரேக் போன லாரி, குடித்துவிட்டு ஓட்டுபவர், தூங்கிப்போன டிரைவர், ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் மாற்றி மிதித்த பெரியவர் என்று எந்த வகையிலும் வரலாம். ஓட்டுபவர் மனசில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித் தடுப்புக்குக் கவலை இல்லை, அதனால் நீங்களும் அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தெரு நம்முடையது இல்லை. போக்குவரத்தைத் திருப்புவது போலீஸ் வேலை, சாலையில் குழி தோண்டுவது நகராட்சியிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ கேட்டுச் செய்ய வேண்டியது. கீழே சொல்வதையெல்லாம் ஒரு தாளில் வரைந்து, இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். வெறும் கையோடு போய் "பந்தோபஸ்து வேணும் சார்" என்று நிற்பவரை விட, வரைபடத்தோடு போகிறவர் சொல்வதை அவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள், இது என் அனுபவம்.

முதலில் நடங்கள்

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போதே, ஒரு நாள் காலையிலும் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்கும் மாட வீதி நாலையும் சுற்றி நடங்கள். கையில் ஒரு நோட்டு, ஒரு டேப். கூட்டம் எங்கே நகராமல் நிற்கும் என்று முதலில் குறியுங்கள்: தேரடி, அன்னதானப் பந்தல், ராட்டினம் போடும் இடம், கச்சேரி மேடை. அப்புறம் அந்த ஒவ்வொரு இடத்திலும் நின்று, "இங்கே ஒரு வண்டி வர வேண்டுமென்றால் எந்தெந்தப் பக்கமாக வரலாம்" என்று சுற்றிப் பாருங்கள். தெருக்கள் மட்டும் கணக்கு இல்லை. கல்யாண மண்டபத்துப் பின் கேட், காலி மனை, இரண்டு பக்கமும் வழி உள்ள பெட்ரோல் பங்க், பள்ளிக்கூட மைதானம், நடைபாதை, எல்லாமே வழிதான். 2025 ஜனவரி 1 அதிகாலை அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில், போர்பன் தெருவின் முனையில் போலீஸ் கார் ஒன்று குறுக்கே நின்றிருந்தது, பிக்கப் வண்டி அதைச் சுற்றிக்கொண்டு நடைபாதை வழியாக உள்ளே போய்விட்டது, 14 பேர் செத்தார்கள். சாலையை மூடிவிட்டு நடைபாதையை விட்டுவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிற தப்பு. நம் ஊரில் நடைபாதையே இல்லையே என்று சிரிக்காதீர்கள், சாக்கடை மேல் போட்ட சிலாப் இருக்கிறதல்லவா, அதுதான்.

சரிவையும் பாருங்கள். மேட்டிலிருந்து இறங்கி நேராகத் தேரடிக்கு வரும் தெரு இருந்தால் சிவப்புப் பேனாவில் வட்டம் போடுங்கள், பிரேக் போன வண்டி அந்த வழியாகத்தான் வரும்.

வேகம்தான் எல்லாம்

மோதலின் பலம் எடையைப் பொறுத்து நேராகக் கூடும், வேகத்தைப் பொறுத்து அதன் வர்க்கத்தில் கூடும். ஒன்பதாம் வகுப்பில் படித்ததுதான். வேகம் இரண்டு மடங்கானால் அடி நாலு மடங்கு. 7 டன் லாரி 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதும், அதே லாரி 80ல் வந்து மோதுவதும் ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டரை. அதே லாரியை 25க்குக் குறைத்துவிட்டால் கால்வாசிதான். ஆகவே பெரிய தடுப்புக்குப் பணம் இல்லாத நம்மைப் போன்றவர்கள் முதலில் செய்ய வேண்டியது, வண்டி வேகம் எடுக்க இடமே கொடுக்காமல் இருப்பது.

நிற்கிற ஒரு சாதாரணக் கார் 100 மீட்டர் நேர் ஓட்டம் கிடைத்தால் 70, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். நேர்த் தெரு எவ்வளவு நீளம் என்பதை அதனால்தான் டேப் வைத்து அளக்கச் சொல்கிறேன். தடுப்பைத் தெருவின் நடுவில் போடாமல் வளைவுக்கு ஒட்டினாற்போலப் போட்டால், வண்டி திரும்பிய கையோடு தடுப்பைச் சந்திக்கும். வளைவே இல்லாத தெருவில் கனமான கட்டிகளை இடது வலது என்று மாற்றி மாற்றி வைத்து, வண்டி பாம்பு மாதிரி நெளிந்துதான் வர முடியும் என்று செய்யுங்கள். வேகத்தடை போடலாமே என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள். வேகத்தடை நல்ல டிரைவருக்குத்தான்.

எது நிறுத்தும், எது நிறுத்தாது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்தேன். சவுக்குக் கட்டை வரிசை மனிதர்களை ஒழுங்காக நிற்க வைக்க, வண்டிக்கு அது தீக்குச்சி. சக்கரம் வைத்த இரும்பு பேரிகேட் "இந்த வழி மூடியிருக்கிறது" என்று சொல்லும் அறிவிப்புப் பலகை, அவ்வளவே. வேகமாக வரும் வண்டி இடித்தால் அது பறந்து போய்ப் பின்னால் நிற்பவர் மேல் விழும். பிளாஸ்டிக் தண்ணீர்த் தடுப்பு தண்ணீர் நிரப்பினால்தான் தடுப்பு, நம் ஊரில் பெரும்பாலும் காலியாகவே நிற்கும். மணல் நிரப்பிய தார் டிரம் ஒன்று சுமார் 300 கிலோ வரும், மெதுவாக வரும் ஆட்டோவையோ காரையோ தடுமாற வைக்கும், லாரிக்கு அது பொருட்டே இல்லை.

நெடுஞ்சாலை நடுவில் பார்ப்பீர்களே, அடி அகலமாகவும் மேலே குறுகியும் இருக்கும் கான்கிரீட் சுவர், ஜெர்சி தடுப்பு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1950களில் வந்தது. அது உரசிக்கொண்டு வரும் வண்டியைச் சாலைக்கே திருப்பிவிடுவதற்காகச் செய்தது, நேராக வந்து மோதும் லாரிக்காக இல்லை. தனியாக ஒன்றை வைத்தால் சறுக்கிக்கொண்டு போகும், பல துண்டுகளைக் கொக்கி போட்டுக் கோத்தால்தான் கொஞ்சம் தாங்கும். ஜெர்மனியில் 2017ல் ஒரு சோதனை செய்தார்கள்: 2 டன்னுக்கு மேல் எடையுள்ள கான்கிரீட் கட்டிகள் மேல் 10 டன் லாரியை 50 கிலோமீட்டர் வேகத்தில் விட்டார்கள், லாரி கட்டியைத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. கனமாக இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பிவிட முடியாது, தரையோடு அது எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரி, கையில் காசு இல்லாத ஊர்க் கமிட்டிக்கு என்ன வழி? லோடு லாரி. நியூயார்க்கில் 2016 நன்றி நவிலல் நாள் அணிவகுப்புக்கு மணல் நிரப்பிய குப்பை லாரிகளைத்தான் தெருமுனைகளில் குறுக்கே நிறுத்தினார்கள். நம் ஊரில் எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் அதே வேலையைச் செய்யும், ஆறு சக்கர வண்டி லோடோடு 15 டன்னுக்கு மேல் நிற்கும், 20 அடித் தெருவுக்கு ஒன்று போதும். எங்கள் ஊரில் டிப்பர் வைத்திருப்பவர்களிடம் உபயமாகக் கேட்டோம். பூ அலங்காரம், பால் குடம் மாதிரி இதுவும் ஒரு உபயம் என்று நோட்டீஸில் பேர் போட்டதும் இரண்டு பேர் தாங்களாகவே வந்தார்கள்.

லாரியை நிறுத்துவதில் சில சங்கதிகள் உண்டு. இன்ஜினை அணைத்து, கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை போட வேண்டும். சாவியோடு டிரைவர் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும், சாவி மட்டும் இருந்து டிரைவர் சாமி கும்பிடப் போயிருந்தால் அது தடுப்பு இல்லை, அடைப்பு. டீசல் டேங்கர், சிலிண்டர் ஏற்றிய வண்டி எதையும் இந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள், ஒருவர் ஒருமுறை கேட்டார், அதனால் சொல்கிறேன். அப்புறம், மோதல் பட்டால் டிப்பரும் கொஞ்சம் நகரும். அதன் பின்னால் பத்துப் பதினைந்து அடியாவது காலியாக இருக்க வேண்டும். நிழல் பார்த்துக் கரும்பு ஜூஸ் கடை போடுவார்கள், பாட்டிகள் முறுக்குக் கூடையோடு உட்காருவார்கள், மரியாதையாக எழுப்பி நகர்த்திவிடுங்கள்.

நாலடிக் குச்சி

இரண்டு தடுப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதற்கு உலகம் முழுக்க ஒரு கணக்கு இருக்கிறது: 1.2 மீட்டருக்கு மேல் கூடாது. நம் கணக்கில் நாலடி. ஆட்டோவின் அகலம் சுமார் 1.3 மீட்டர், குட்டியானை 1.5 மீட்டர், ஆகவே நாலடி இடைவெளியில் ஆட்டோகூட நுழையாது. சக்கர நாற்காலிக்கு 90 சென்டிமீட்டர் போதும் என்பதால் அது தாராளமாகப் போகும், தள்ளுவண்டிக் குழந்தையும் போகும். டேப்பைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். ஒரு மூங்கில் குச்சியை நாலடிக்கு ஒரு விரல் குறைவாக வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடைவெளியிலும் குறுக்கே பிடித்துப் பாருங்கள், குச்சி இரண்டு பக்கமும் இடிக்காமல் லொடலொடவென்று ஆடினால் இடைவெளி அதிகம். சுவருக்கும் கடைசிக் கட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் எல்லோரும் மறப்பார்கள், முதலில் அங்கே வைத்துப் பாருங்கள்.

டூவீலர் இந்த இடைவெளியில் புகுந்து வரும், வரத்தான் செய்யும். அதற்கு ஒரு ஆளும் ஒரு கயிறும் போதும், கான்கிரீட் வேண்டாம். பைக்கைத் தடுக்கிறேன் என்று இடைவெளியை இன்னும் குறுக்கினால் சக்கர நாற்காலிக்காரர் வெளியே நிற்பார்.

ஆம்புலன்ஸுக்கு விட்ட வழி

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி. தடுப்பு நன்றாகப் போட்டிருந்தும் உள்ளே வண்டி புகுந்த கதைகளை எடுத்துப் பார்த்தால், நாமே விட்ட ஓட்டை வழியாகத்தான் புகுந்திருக்கிறது. ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரில் 2024 டிசம்பர் 20 அன்று கிறிஸ்துமஸ் சந்தையைச் சுற்றிக் கான்கிரீட் கட்டிகள் இருந்தன, கார் உள்ளே வந்தது மீட்பு வண்டிகளுக்காக விட்டிருந்த இடைவெளி வழியாக. இங்கிலாந்தின் லிவர்பூலில் 2025 மே 26 அன்று கால்பந்துக் கோப்பை ஊர்வலத்தின்போது, ஆம்புலன்ஸுக்காகச் சாலைத் தடுப்பைத் தற்காலிகமாக எடுத்தார்கள், அதன் பின்னாலேயே ஒரு கார் உள்ளே போனது என்று போலீஸே சொன்னது.

ஆக, ஆம்புலன்ஸ் வழி என்று திறந்த இடைவெளி விடக் கூடாது. நகரக்கூடிய தடுப்பு போட வேண்டும், அதாவது டிரைவரோடு நிற்கும் லாரி. ஊருக்கு அப்படி ஒரே ஒரு வாசல் இருந்தால் போதும், இரண்டு இருந்தால் இரண்டாவது அவசரத்துக்கு. அந்த வாசலில் இரண்டு லாரிகளை ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் ஒரு வேன் நிற்கும் அளவு இடம் விட்டு நிறுத்தினால் ரொம்ப நல்லது: முதல் லாரி நகர்ந்து ஆம்புலன்ஸ் நடுவே வந்ததும் முதலாவது மூடிக்கொள்ளும், அப்புறம்தான் இரண்டாவது திறக்கும். இரண்டு லாரிக்கு வழியில்லை என்றால், திறந்த கையோடு மூடுவதற்கென்றே ஒருவரை நியமியுங்கள், அவருக்கு வேறு எந்த வேலையும் கொடுக்காதீர்கள். எங்கள் வாழைத்தார் கதை ஞாபகம் இருக்கட்டும்.

சரக்கு வண்டிகளுக்கு நேரம் வையுங்கள். அரிசி, காய்கறி, ஐஸ், பந்தல் சாமான் எல்லாம் மத்தியானம் இரண்டு மணிக்குள், அதற்கு மேல் தலைச்சுமைதான். மூன்றரை மணிக்கு "இந்த ஒரு வண்டி மட்டும்ணே" என்று நிச்சயம் ஒருவர் வருவார். கமிட்டித் தலைவரின் மச்சானாக இருப்பார். கூட்டத்திலேயே தலைவர் வாயாலேயே "என் வண்டியும் வராது" என்று சொல்ல வைத்துவிடுங்கள், பாதி வேலை அங்கேயே முடிந்தது. தீயணைப்பு நிலையத்துக்கும் ஒருமுறை போய், அவர்கள் வண்டி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டு, முடிந்தால் வண்டியையே கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மனிதர்கள் வெளியே போக வேண்டும்

வண்டி வராமல் அடைக்கும் ஆர்வத்தில் ஆட்களை உள்ளே பூட்டிவிடாதீர்கள். நம் நாட்டில் திருவிழாவிலும் கூட்டத்திலும் உயிர் போவது பெரும்பாலும் நெரிசலில்தான், 2025ல் பெங்களூருவிலும் கரூரிலும் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 80 பேருக்கு மேல் போவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. உங்கள் தடுப்பில் நாலடி இடைவெளிகள் ஐந்து இருந்தால் மொத்தம் 6 மீட்டர், நிமிடத்துக்கு 480 பேர். பத்தாயிரம் பேர் வெளியேற இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கை உங்கள் ஊருக்குப் போட்டுப் பாருங்கள், பயமாக இருந்தால் இடைவெளிகளைக் கூட்டுங்கள். அகலப்படுத்த வேண்டாம், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். கேட் எதையும் பூட்டுப் போட்டுப் பூட்டாதீர்கள். இடைவெளிக்கு நேரே பலூன்காரர் நிற்கக் கூடாது. சதுர மீட்டருக்கு நாலைந்து பேருக்கு மேல் நெருங்கினாலே அங்கே ஆபத்து ஆரம்பித்துவிட்டது, அந்தப் பக்கம் உள்ளே விடுவதை நிறுத்துங்கள்.

இன்னொன்று, தடுப்புக்கு வெளியே வரிசை நிற்கிறதா என்று பாருங்கள். செருப்பு விடும் இடம், பை சோதனை, பஸ் ஸ்டாப் எல்லாம் தடுப்புக்கு வெளியே இருந்தால், நீங்கள் பாதுகாக்க நினைத்த கூட்டமே சாலையில் நிற்கிறது என்று அர்த்தம். வரிசையை உள்ளே இழுங்கள்.

தேர் நகரும் நாள் தனிக் கதை. கூட்டம் தேரோடு நகரும், உங்கள் தடுப்பு நகராது. பக்கத்துச் சந்துகளை எல்லாம் தேர் வரும் முன்பே அடைத்து, தேர் நிலைக்கு வந்து கூட்டம் கலைந்த பிறகே திறக்க வேண்டும். கூட்டத்தின் வால் பக்கம் ஒரு லாரி மெதுவாக, கூட்டத்திலிருந்து நல்ல தூரம் விட்டு, பின்னே வரட்டும். கனடாவின் வான்கூவரில் 2025 ஏப்ரலில் லாப்பு லாப்பு திருவிழாவில் கார் புகுந்தது நிகழ்ச்சி ஏறக்குறைய முடியும் நேரத்தில், உணவு வண்டிகள் நின்ற தெருவில். சாமி உள்ளே போயாச்சே என்று தடுப்பை எடுத்துவிடாதீர்கள், பஜ்ஜிக் கடை முன்னால் இன்னும் கூட்டம் இருக்கும்.

தொண்டர்களுக்கு நான் சொல்வது மூன்றே விஷயம். தடுப்புக்கு முன்னால் நிற்காதே, பக்கவாட்டில் நில். வண்டி நிற்காமல் வந்தால் கை நீட்டி மறிக்காதே, தொடர்ந்து விசில் ஊதிக்கொண்டே பக்கவாட்டில் ஓடு. கூட்டத்தையும் பக்கவாட்டில் விரட்டு, வண்டி போகும் திசையில் விரட்டாதே. முதல் நாள் சாயங்காலம் ஒருமுறை ஒத்திகை பாருங்கள், பையன்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

நிரந்தரக் கம்பம் போட ஆசைப்பட்டால்

சில ஊர்களில் நன்கொடையாளர் கிடைத்து, சந்நிதித் தெரு முனையில் நிரந்தரமாகவே பொல்லார்டு, அதாவது வண்டியை நிறுத்தத் தரையில் நடும் கம்பம், போடலாம் என்று பேச்சு வரும். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் 2017 மே மாதம் நடைபாதையில் ஆட்கள் மேல் ஏறி வந்த காரைக் கடைசியில் நிறுத்தியது இப்படிப்பட்ட எஃகுக் கம்பங்கள்தான், கார் அதன் மேல் ஏறிச் சாய்ந்து நின்றது. ஆனால் கடையில் வாங்கும் அலங்காரக் குழாயை ஒன்றரை அடி ஆழத்தில் நட்டு சிமென்ட் ஊற்றினால் அது பொல்லார்டு இல்லை, டூவீலர் விடாத கம்பம். நிஜப் பொல்லார்டின் பலம் முழுக்க மண்ணுக்குள் இருக்கும் கம்பி கட்டிய கான்கிரீட்டில் இருக்கிறது, அதனால்தான் அடியில் குடிநீர்க் குழாயும் கேபிளும் எங்கே போகிறது என்று முதலில் தேட வேண்டியிருக்கிறது.

விற்பவரிடம் மோதல் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள். அமெரிக்கத் தரத்தில் எம்30 என்றால் சுமார் 6.8 டன் லாரி 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதிச் சோதித்தது, எம்50 என்றால் அதே லாரி 80ல். பி1 என்று கூடப் போட்டிருந்தால் லாரி ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே வரவில்லை என்று பொருள். 2023லிருந்து ஐஎஸ்ஓ 22343 என்ற சர்வதேசத் தரமும் இருக்கிறது. சோதனையில் போட்ட அதே அஸ்திவாரத்தைத்தான் உங்கள் தெருவிலும் போடுகிறார்களா என்று கேளுங்கள், அங்கேதான் பணத்தை மிச்சம் பிடிப்பார்கள்.

ஏறி இறங்கும், நகரும் கம்பங்கள் வேண்டாம் என்பது என் கட்சி. போர்பன் தெருவில் முன்பு போட்டிருந்தவை பள்ளத்தில் நகரும் வகை, திருவிழாவில் வீசும் மணிமாலைகள் அந்தப் பள்ளத்தில் அடைத்துக்கொண்டு வேலை செய்யாமல் போயின, மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த வண்டி வந்தது. நம் தெருவில் மணல், பூ, கற்பூரத் தட்டு, மழைத் தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் ஒரு கார்த்திகைகூடத் தாங்காது. நட்டது நட்டபடி நிற்பவை நல்லது, வழிக்கு மட்டும் இரண்டு கழற்றும் கம்பம், சாவி கோவில் அலுவலகத்தில் ஒன்று, காவல் நிலையத்தில் ஒன்று. கம்பம்தான் வேண்டும் என்றும் இல்லை. லண்டனில் ஆர்சனல் கால்பந்து அணியின் எமிரேட்ஸ் மைதானத்துக்கு வெளியே ஆளுயரக் கான்கிரீட்டில் அணியின் பெயரை எழுத்து எழுத்தாக நிறுத்தியிருக்கிறார்கள், ஜனங்கள் அதன் முன் நின்று போட்டோ எடுக்கிறார்கள், அது வண்டித் தடுப்பு. நம் தெருமுனையில் நன்றாக அஸ்திவாரம் போட்ட கல் திண்ணை வரிசை அதையே செய்யும், பெரியவர்கள் உட்காரவும் ஆயிற்று.

கடைசி நாள் தடுப்பை எடுத்ததும் சவுக்குக் கட்டை நட்ட குழிகளை அன்றைக்கே மூடுங்கள், மறுநாள் காலையில் பால்காரர் சைக்கிள் அதில்தான் இறங்கும். வரைபடத்தில் எங்கே இடைவெளி தப்பானது, எந்த லாரி லேட்டாக வந்தது என்று பேனாவில் எழுதி, நாலடிக் குச்சியோடு சேர்த்துக் கமிட்டி பீரோவில் வைத்துவிடுங்கள். எங்கள் குச்சியைப் போன வருடம் யாரோ கொடி கட்ட எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், புதிதாக வெட்ட வேண்டியிருந்தது.